நமக்கு எதுக்குத் தோழர் கிதார்?

இந்த ஏப்ரல் 14 அன்று எங்கள் பகுதியில் அண்ணல் பிறந்தநாள் கலை நிகழ்ச்சி. எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு ராக் குழு வைத்திருக்கிறார்கள். இரண்டு கிதார், ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ் கிதார். பேஸ் வாசித்த பையன் வேலை கிடைத்து துபாய் போய்விட்டான். அவன் இடத்துக்கு, அதுவரை பறைக்குழுவில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்தாள். கடன் வாங்கிய பேஸில் எட்டு மாதம் பயிற்சி. வாடகை ஜாம் ரூமில் மணிக்கணக்குப் பார்த்துப் பார்த்து மூன்று சொந்தப் பாட்டு தயார் செய்திருந்தார்கள்.

மேடை ஏறப்போகும் நேரத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பாளரான தோழர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, நீதான் நல்லா பறை அடிப்பியே, அதையே அடி. இந்தக் கம்பி வாத்தியமெல்லாம் நமக்கு எதுக்கு? அது அவங்க சரக்கு."

பிறகு நேரமில்லை என்று மூன்று பாட்டு ஒன்றானது. அந்த ஒன்றுக்கும் பேஸ் ஆம்ப் கிடைக்கவில்லை. பேச்சாளர்களுக்கு வைத்திருந்த ஸ்பீக்கரில் ஒயரைச் செருகினார்கள். அவள் வாசித்தது அவளுக்கே கேட்டிருக்காது.

அந்தத் தோழர் கெட்டவர் இல்லை. சுடுகாட்டுப் பாதைக்காக எங்களோடு தடியடி வாங்கியவர். அதனால்தான் சண்டை போடாமல் எழுதுகிறேன். ஆனால் அவர் சொன்னது தவறு. சாதாரணத் தவறும் இல்லை. சாதி நமக்குக் கற்றுக்கொடுத்த தவறு.

அன்று இரவு அந்தப் பெண் கேட்டாள்: "அண்ணா, கிதார் யாரோட சரக்கு?" நான் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு ஆல்பத்தை அனுப்பினேன். லிவிங் கலர் என்ற குழு 1993 மார்ச்சில் வெளியிட்ட 'ஸ்டெய்ன்'. அவர்களுக்கும் பேஸ் வாசித்தவர் விலகி, வேறொருவர் வந்த பிறகு வந்த முதல் ஆல்பம். ஸ்டெய்ன் என்றால் கறை. நம் மொழியில் அதற்கு இன்னும் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது: தீட்டு.

லிவிங் கலர் நியூயார்க் குழு. நான்கு பேரும் கறுப்பர்கள். கிதார் வெர்னான் ரீட். லண்டனில் கரீபியப் பெற்றோருக்குப் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர். பாடகர் கோரி குளோவர், டிரம்ஸ் வில் கால்ஹவுன், பேஸ் மஸ் ஸ்கில்லிங்ஸ். எண்பதுகளின் நடுவில் இவர்கள் கிதாரைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது கேட்ட பதில் ஒன்றுதான்: கறுப்பர் வாசிக்கும் ராக்குக்குச் சந்தை இல்லை. ஆர் அண்ட் பி பாடு, எடுக்கிறோம். நடனப் பாட்டு போடு, எடுக்கிறோம். ராக்கா, அது உங்களுடையது இல்லையே!

யாருடையது? சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண் நாற்பதுகளிலேயே தேவாலயப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டு வளர்ந்த பையன்களைத்தான் ராக்கின் தந்தைகள் என்கிறார்கள். அவர் இறந்தது 1973. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018. 'ஹவுண்ட் டாக்' பாட்டை முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன், 1952இல். நான்கு ஆண்டுகள் கழித்து எல்விஸ் பிரெஸ்லி பாடியதுதான் உலகத்துக்குத் தெரியும். லெட் செப்பலினின் மிகப் பிரபலமான பாட்டு ஒன்றில் தன் வரிகள் இருப்பதாக புளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது.

கறுப்பர் இசைக்கு அமெரிக்கச் சந்தை முதலில் வைத்த பெயரே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'. தனி விளம்பரம், தனி அட்டவணை. 1949இல் பில்போர்டு இதழ் அந்தத் தலைப்பை நாகரிகமாக 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது. பெயர்தான் மாறியது, ஊருக்கு வெளியே இருந்த இடம் அப்படியே இருந்தது. பஞ்சமர் என்பதை ஹரிஜன் ஆக்கிய கதை நமக்குத் தெரியாததா?

இதை எதிர்த்துத்தான் 1985இல் வெர்னான் ரீட், எழுத்தாளர் கிரெக் டேட், கோண்டா மேசன் ஆகியோர் பிளாக் ராக் கோயலிஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ராக் கறுப்பர் இசை, நாங்கள் அதன் வாரிசுகள் என்பது அவர்கள் நிலைப்பாடு. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சவில்லை. பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது, ஆக்கிரமித்தவன் நீ என்றார்கள். பஞ்சமி நிலத்துக்காக நின்றவர்களுக்கு இந்தத் தொனி புரியும்.

அப்படியும் லிவிங் கலருக்கு வாசல் திறந்தது ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் கேட்டுப் பிடித்துப்போய் மாதிரிப் பதிவுகளைத் தயாரித்துக் கொடுத்த பிறகுதான். திறமை இருந்தால் போதும் என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே திறமை அதற்கு முந்தைய நாளும் இருந்தது. முதல் ஆல்பம் 'விவிட்' 1988இல் வந்தது. பில்போர்டு பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது. அதன் முதல் பாட்டு மால்கம் எக்ஸின் குரலோடு தொடங்கும். அதற்கு கிராமி விருது. இரண்டாவது ஆல்பத்துக்கும் கிராமி. 1989 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் வாசித்தார்கள். அதே மேடையில் கன்ஸ் அண்ட் ரோசஸும் இருந்தது. கறுப்பரையும் குடியேறிகளையும் தற்பாலினரையும் இழிசொல்லால் பாடியிருந்த குழு அது. வெர்னான் ரீட் மேடையிலேயே அந்தப் பாட்டைக் கண்டித்துப் பேசினார். வாய்ப்புக் கிடைத்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பிழைக்கும் வழி என்று நமக்கும் சொல்பவர்கள் உண்டு. அவருக்கும் சொல்லியிருப்பார்கள்.

1992இல் மஸ் ஸ்கில்லிங்ஸ் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் டக் விம்பிஷ்.

விம்பிஷ் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவர் ஷுகர் ஹில் நிறுவனத்தின் உள்வீட்டு இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர். ஹிப்ஹாப் என்ற ஒன்றை உலகம் தட்டில் கேட்ட ஆரம்ப நாட்களில், 1979க்குப் பிறகு, அந்தத் தட்டுகளுக்குப் பின்னால் வாசித்தவர்கள் விம்பிஷ், ஸ்கிப் மெக்டொனால்ட், கீத் லெபிளாங்க் ஆகிய மூவர். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், மெல்லி மெல் பெயர்கள் அட்டையில் வரும். இவர்கள் பெயர் வராது. 'வொயிட் லைன்ஸ்' பாட்டின் பேஸை உங்களில் பலர் எங்கோ கேட்டிருப்பீர்கள். அது விம்பிஷின் விரல். பிறகு லண்டன் போய் ஏட்ரியன் ஷெர்வுட்டோடு சேர்ந்து, ஜமைக்காவின் டப் இசையில் ஒலியை எப்படி உடைத்து எதிரொலிக்க விடுகிறார்கள் என்பதைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தவர்.

ஆக, ராப் 'அவர்கள்' இசை, ராக் 'எங்கள்' இசை என்று சந்தை கட்டியிருந்த மதிலின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் இந்தப் பக்கம் வந்தார். வந்தவரை, பழைய ஆள் வாசித்ததை அப்படியே வாசி என்று குழு உட்காரவைத்திருக்கலாம். பெரும்பாலான குழுக்கள் அதைத்தான் செய்யும். நாற்காலி காலி, ஆள் வேண்டும், அவ்வளவுதான். லிவிங் கலர் அப்படிச் செய்யவில்லை. வந்தவருக்காகத் தன் ஒலியையே மாற்றிக்கொண்டது.

'ஸ்டெய்ன்' கேளுங்கள். முந்தைய இரண்டு ஆல்பங்களில் ஒரு துள்ளல் இருக்கும். ஸ்கில்லிங்ஸின் ஃபங்க் அது. இதில் துள்ளல் குறைவு. பேஸ் தரையோடு தரையாக வந்து கணுக்காலைப் பிடிக்கும். சில இடங்களில் அது பேஸா, இயந்திரமா, அடிபட்ட மிருகமா என்று தெரியாது, அத்தனை பெடல்கள். தயாரித்தவர் ரான் செயின்ட் ஜெர்மெய்ன். கறுப்பர்களின் பங்க் குழுவான பேட் பிரெய்ன்ஸின் 'ஐ அகெயின்ஸ்ட் ஐ'யையும் தயாரித்தவர். கரடுமுரடு அவருக்குப் பயம் இல்லை.

முதல் பாட்டு 'கோ அவே'. தொலைக்காட்சியில் பட்டினியால் சாகிறவர்களைப் பார்த்துவிட்டு இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கும் ஒருவனின் குரலில் பாடப்படுவது. தன்னை யாரும் தொட்டுவிடக் கூடாது என்கிற குரல். நான் பர்மா பஜாரில் வாங்கிய கேசட்டில் இதை முதன்முதலாகக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நியூயார்க்கில் இருக்கிறவனுக்கு எங்கள் டீக்கடை எப்படித் தெரிந்தது? தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நடுங்குகிறவனைப் பாட்டில் உட்காரவைத்து, அவன் வாயாலேயே அவனை அம்பலப்படுத்துகிறார்கள். ஆல்பத்தின் பெயர் கறை. அதன் முதல் குரலே கறைக்குப் பயந்தவன் குரல். தீட்டு யாரிடம் இருக்கிறது என்று இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

'ஆஸ்லாண்டர்' அந்நியன் என்பதற்கான ஜெர்மன் சொல். 1992இல் ராஸ்டாக் நகரில் புலம்பெயர்ந்தோர் குடியிருப்பைக் கும்பல் சூழ்ந்து தீவைத்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தில் அந்தச் சொல் ஒரு பாட்டின் தலைப்பு. அதே 1992 ஏப்ரலில்தான் ராட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்டு லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்தது. அந்தப் புகை படிந்த ஆல்பம் இது. 'பை' என்ற பாட்டு இருபாலீர்ப்பு பற்றியது. நம் இயக்க மேடைகளில் இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு அந்தத் தலைப்பைப் பேச மாட்டோம் போலிருக்கிறது, அது தனிக் கட்டுரை. கடைசிப் பாட்டின் பெயர் 'வால்'. சுவர். உத்தபுரம் என்று நான் மொழிபெயர்த்துக்கொள்வேன்.

எல்லாப் பாட்டும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒன்றிரண்டு துண்டுகள் ஸ்டூடியோ விளையாட்டு, தாண்டிவிடுவேன். 'நத்திங்னெஸ்' மட்டும் இரவில் தனியாகக் கேட்பேன். அதைப் பற்றி எழுத எனக்குச் சொல் இல்லை.

சந்தை என்ன செய்தது? முதல் ஆல்பம் 6ஆம் இடம், இரண்டாவது 13, 'ஸ்டெய்ன்' 26. 1995 தொடக்கத்தில் குழு கலைந்தது. அப்போது சியாட்டில் குழுக்கள் சந்தையைப் புரட்டிப்போட்டிருந்தன, ஆயிரம் காரணம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே 1993இல் கனத்த, இருண்ட, கோபமான ராக்தான் நன்றாக விற்றது. கோபம் சந்தைக்குப் பிடித்திருந்தது. யாருடைய கோபம் என்பதுதான் கேள்வி. வெள்ளைக்காரப் பையனின் கோபம் ஒரு தலைமுறையின் வேதனை. கறுப்பரின் கோபம் பழைய உற்சாகத்தை இழந்துவிட்ட குழு.

விம்பிஷ் வந்ததால்தான் கெட்டது, பழைய நான்கு பேர்தான் அசல் என்று சொல்கிற ரசிகர்களை இன்றும் பார்க்கலாம். அசல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும். 2000 டிசம்பரில் குழு மீண்டும் சேர்ந்தது, பேஸில் விம்பிஷ். 2003, 2009, 2017 ஆல்பங்களிலும் அவர்தான். 'புது ஆள்' வந்து முப்பது ஆண்டு தாண்டிவிட்டது.

எனக்கு ஏன் உடம்பு எரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நானும் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். மற்ற நால்வரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். டீப் பர்ப்பிளை நோட்டுப் பிசகாமல் வாசிப்பார்கள். ஒரு நாள் பயிற்சியில் என் கை தானாக எங்கள் தெரு அடிக்குப் போனது. தாத்தா அடித்த அடி. கிதார்காரன் நிறுத்திவிட்டுச் சிரித்தான்: "மச்சான், சாவுக்குத்து வேணாம்டா, இது ராக்." சிரிப்போடு போயிருந்தால் மறந்திருப்பேன். அடுத்த மாதம் கல்லூரி விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. கேட்டால், "லைன்-அப் மாத்திட்டோம்டா." சில ஆண்டுகள் கழித்து அவர்கள் ஒரு தட்டு போட்டார்கள். அதில் ஒரு பாட்டுக்கு அதே அடி. கூலிக்கு ஆள் வைத்து அடித்திருந்தார்கள். அட்டையில் 'ஃபோக் ஃப்யூஷன்' என்று இருந்தது. அடித்தவர் பெயர் இல்லை.

சாவுக்கு அடித்தால் அது உன் தொழில். என் மேடையில் நீ அடித்தால் தீட்டு. உன்னை அனுப்பிவிட்டு நான் அடிக்கவைத்தால் கலை. பொருள் ஒன்றுதான், ஆள் நிற்கும் இடம்தான் மாறுகிறது. சாதி எப்போதும் இடத்தைப் பற்றியதுதான்.

இப்போது தோழருக்கு வருகிறேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பறையை இழிவின் அடையாளமாக வைத்திருந்தார்கள். அதை விடுதலையின் கருவியாக்க இரண்டு தலைமுறை உழைத்திருக்கிறது. பறையைத் தொடவே மாட்டேன் என்று உதறிய நம் பெரியவர்களின் போராட்டமும் அதில் உண்டு, அதைத் திரும்பக் கையில் எடுத்த பிள்ளைகளின் போராட்டமும் உண்டு. அதை விட்டுவிட்டு மேற்கத்தியச் சத்தம் எதற்கு என்று கேட்கிறீர்கள்.

ஆனால் கொஞ்சம் காது கொடுங்கள். 'பறைதான் உனக்கு, கிதார் உனக்கில்லை' என்பதை ஊர்த்தெருக்காரன் சொன்னால் அது என்ன? நீங்கள் சொன்னால் மட்டும் அது எப்படிப் பெருமையாகிவிடும்? லிவிங் கலருக்கும் இதே கேள்வி இரண்டு பக்கமிருந்தும் வந்தது. வெள்ளை நிறுவனம் இது உங்கள் இசை இல்லை என்றது. கறுப்பர் வானொலியும் ராக் வாசிக்கும் கறுப்பரை வெள்ளைக்காரச் சத்தம் என்று ஒதுக்கியது. ஒரே மதில், இரண்டு காவல்காரர்கள். பிறப்பை வைத்துத் தொழிலை ஒதுக்குவதைத்தானே அண்ணல் சாதியின் கேடு என்றார்? வாத்தியத்தை ஒதுக்குவது எந்தக் கணக்கில் சேரும்?

பூலே 1873இல் 'குலாம்கிரி'யை அடிமை ஒழிப்புக்கு உழைத்த அமெரிக்கர்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பைத் தோழர்கள் பிளாக் பேந்தர்களைப் பார்த்து தலித் பேந்தர் என்று பெயர் வைத்தார்கள். நம் படிப்பகத்தில் மால்கம் எக்ஸ் படம் தொங்குகிறது. மாலை போட்டவரே நீங்கள்தான். அவர்களுடைய அரசியலை எடுத்துக்கொள்வோம், அவர்கள் கிதாரைத் தொட்டால் மட்டும் 'அவங்க சரக்கா'? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியபோது கானாவும் எலெக்ட்ரிக் கிதாரும் ஒன்றாக நின்றன. அன்று எனக்குப் பக்கத்தில் நின்று விசில் அடித்தது யார் தோழர்?

அந்தப் பெண் பறையை விட்டுவிடவில்லை. விம்பிஷ் ஹிப்ஹாப்பை ஷுகர் ஹில்லிலேயே கழற்றி வைத்துவிட்டு வரவில்லை அல்லவா? அவள் பேஸ் வாசிக்கும்போது கட்டைவிரல் விழும் இடத்தைக் கவனியுங்கள், அடிக்குச்சி விழும் இடம் அது. அவளை உட்காரவைத்த பிள்ளைகள் அதற்கேற்ப இரண்டு பாட்டின் தாளத்தையே மாற்றிவிட்டார்கள். துபாய் போன பையன் வாசித்ததை வாசி என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அந்த அறிவு இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

'ஸ்டெய்ன்' அனுப்பி மூன்று நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: "அண்ணா, ரெண்டாவது பாட்டுல அந்தாளு பேஸ்ல என்ன பண்றாரு?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அவளே கண்டுபிடித்துக்கொள்வாள்.

செப்டம்பர் 17 தந்தை பெரியார் பிறந்தநாளுக்கு இப்போதே பட்டியல் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன் தோழர். அந்த நான்கு பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று பாட்டும் முழுதாக. பேஸ் ஆம்ப் வாடகையை நான் தருகிறேன். காலையிலேயே வந்து ஒயர் இழுக்கவும் செய்கிறேன். தலைவர்களை வரவேற்கப் பறை அடிக்க ஆள் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கூப்பிடுங்கள். அன்று அவள் பேஸ் வாசிக்க வருகிறாள்.